மொட்டைக் கடிதம் முதல் மின்னஞ்சல் வரை

வைப்பாற்றங்கரையில் அமைந்த சாத்தூர், வெள்ளரிப் பிஞ்சுக்கும் காராச்சேவுக்கும் பெயர் பெற்ற ஊர். ஊற்றுப் பேனா வழக்கில் இருந்த காலத்தில் இவ்வூருக்கு மற்றொரு பெருமையும் இருந்தது. பேனா நிப்பு செய்யும் தொழில் இங்கே தழைத்திருந்தது. பந்துமுனைப் பேனா பரவியதும் அத்தொழில் நலிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டும், கடைக் கணக்கும், கல்யாண ஓலையும், கவிதையும் நிப்பு முனையில் பிறந்தவையே. அதே முனையிலிருந்துதான் குடும்பங்களைக் கலைத்த மொட்டைக் கடிதங்களும் புறப்பட்டன. நிப்புத் தொழில் போனபோது மொட்டைக் கடிதம் அதனோடு போய்விடவில்லை. அது மின்னஞ்சலாக மாறி, கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துகொண்டது.

நன்கு அறிமுகமான ஒருவர், ஏதோ ஒரு காரணத்தால் மனம் திரிந்து, நம்மைப் பற்றி இழிவான செய்திகளை நமக்கும் நம் உறவினர்க்கும் அலுவலகத்தார்க்கும் இடைவிடாது அனுப்பத் தொடங்கினால் என்ன செய்வது? கேட்பதற்கு இது தனிமனிதச் சிக்கலாகத் தோன்றும். ஆயினும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே, சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டோரைக் காத்தது எது, கைவிட்டது எது என்பதை அவ்வரலாற்றின் வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொட்டைக் கடிதத்தின் காலம்

தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல், அனுப்புநர் பெயரும் முகவரியும் இல்லாமல் வருவதால் அதற்கு மொட்டைக் கடிதம் என்று பெயர் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டாருக்கு ஒன்று வரும். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் அலுவலரின் மேலதிகாரிக்கு ஒன்று வரும். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையைப் பற்றி முதலாளிக்கு ஒன்று வரும். எழுதியவர் பெரும்பாலும் அயலார் அல்லர். வீட்டின் உள்விவரம் தெரிந்தவர்களாலேயே அதைக் கொத்திக் கொத்தி எழுத முடியும். கடிதத்தைப் படித்தவர் முதலில் கேட்கும் கேள்வியும் ‘இது யாருக்குத் தெரியும்?’ என்பதாகவே இருந்தது.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் அறிமுகமாயிற்று. விலை காலணா. ஏழை எளியவர்க்கு அது பெரிய வரம். அந்த வரத்துக்குள் ஒரு சாபமும் இருந்தது. உறையில்லாத அட்டையில் எழுதிய வசையை அஞ்சலகத்தார் படிக்கலாம், தபால்காரர் படிக்கலாம், திண்ணையில் வாங்கி வைத்தவர் படிக்கலாம். உரியவர் கைக்கு வருமுன்பே செய்தி தெருவைச் சுற்றிவிடும். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. ஆபாசமான, இழிவான, அச்சுறுத்தும் சொற்கள் வெளியே தெரியும்படி எழுதப்பட்ட அஞ்சல் பொருளை அனுப்பலாகாது என்று அதன் 20-ஆம் பிரிவு தடுத்தது.

அதற்கு முன்பே, மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவாகி, 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கான பிரிவுகள் இடம்பெற்றிருந்தன. 499, 500-ஆம் பிரிவுகள் அவதூறுக்கு உரியவை. 507-ஆம் பிரிவு, பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டுவோருக்கு வழக்கமான தண்டனைக்கு மேல் ஈராண்டுச் சிறை கூடுதலாக விதிக்க இடமளித்தது. முகத்தை மறைப்பதே குற்றத்தின் கனத்தைக் கூட்டுகிறது என்ற அறிவு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தில் ஏறியிருந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

சட்டம் இருந்தும் வழக்குகள் அரிதாகவே நடந்தன. காரணம் எளியது. மொட்டைக் கடிதம் வந்த வீட்டில் முதலில் செய்வது அதைக் கிழித்து அடுப்பில் போடுவதுதான். பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்ற தவிப்பில் கடிதம் சாம்பலாகும். கையெழுத்தும் அஞ்சல் முத்திரையும் தேதியும் அதனோடு சாம்பலாகும். எழுதியவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே சாட்சியைப் பாதிக்கப்பட்டவரே தம் கையால் அழித்துவிடுவார். அடுத்த கடிதத்தை அச்சமின்றி எழுத அதுவே துணிவு தந்தது.

அரசு அலுவலகங்களில் நிலைமை வேறு விதமாக இருந்தது. அங்கே மொட்டைப் பெட்டிஷன் கிழிக்கப்படாமல் கோப்பில் ஏறும். அதன் மேல் விசாரணை நடக்கும். நேர்மையான அலுவலர் பலர் பெயரில்லாத ஒரு தாளுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்தனர். பெயரும் முகவரியும் இல்லாத புகார்களின் மேல் நடவடிக்கை எடுக்கலாகாது என்று மத்திய ஊழல் தடுப்பு ஆணையம் 1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆணையிட வேண்டியிருந்தது. கடிதத்தை அழிப்பது ஒரு பிழை, ஆராயாமல் நம்புவது மற்றொரு பிழை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி தேவைப்பட்டது.

அச்சேறிய அவதூறு

கடிதத்தில் வந்த வசை அச்சில் ஏறினால் என்னவாகும் என்பதைத் தமிழுலகம் 1940-களில் கண்டது. லட்சுமிகாந்தன் என்பார் 1943-இல் ‘சினிமா தூது’ என்னும் இதழைத் தொடங்கித் திரைக்கலைஞர்களின் தனிவாழ்வைப் பற்றி எழுதி வந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, அவ்விதழின் உரிமம் பறிக்கப்பட்டது. இத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் அவர் ‘இந்து நேசன்’ என்ற வேறு பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றனர். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அவ்வழக்கில் 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர். அதற்குள் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதரின் திரைவாழ்வு அதன்பின் பழைய நிலைக்கு மீளவேயில்லை. கொன்றவர் யார் என்பது இன்றளவும் தெளிவாகவில்லை.

இவ்வழக்கைப் பலரும் திரையுலகக் கதையாகவே படித்திருக்கிறோம். நம் பொருளுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. ஒரு வாயிலை அடைத்தால் அவதூறு மற்றொரு வாயில் வழியாக வரும் என்பது ஒன்று. அவதூறு மூட்டும் தீ எழுதியவரையும் எழுதப்பட்டவரையும் சேர்த்தே எரிக்கக்கூடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் மின்னஞ்சல் காலத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன.

மின்னஞ்சலின் வருகை

1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் பேருந்து நிலையத்துக்கு அருகே பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் யாரும் எந்தப் பெயரிலும் ஒரு முகவரி உண்டாக்கிக்கொள்ளலாம். அஞ்சலட்டைக்கு ஒரு கையெழுத்தும் ஓர் ஊர் முத்திரையும் இருந்தன. மின்னஞ்சலுக்கு அவை இரண்டும் இல்லை என்று பலர் நம்பினர். ஒரே எழுத்தை ஒரே நொடியில் நூறு பேருக்கு அனுப்ப முடிந்தது. ஒரு பெயரைத் தடுத்தால் இன்னொரு பெயர் ஐந்து நிமிடத்தில் உருவாகும்.

2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் இயற்றப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாகவே இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணிப்பொறியில் உள்ள பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைப்பதற்கான முறையை அது வகுத்தது. சட்டத்தின் பின்னிணைப்பில் அடங்கிப் போயிருந்த அந்தச் சிறு பிரிவே பின்னாளில் பல வழக்குகளின் தலைவிதியைத் தீர்மானித்தது.

2001-இல் தில்லியில் எஸ்.எம்.சி. நியூமேட்டிக்ஸ் என்னும் நிறுவனம் ஒரு வழக்குத் தொடுத்தது. தன் ஊழியர் ஒருவர் நிறுவனத்தையும் அதன் மேலாண் இயக்குநரையும் இழிவுபடுத்தி மின்னஞ்சல்கள் அனுப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மின்னஞ்சல் அவதூறுக்கு எதிராக இந்திய நீதிமன்றம் ஒன்று தலையிட்ட முதல் வழக்கு என்று சட்ட நூல்கள் இதைப் போற்றின. இதன் முடிவு என்ன ஆயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

எழும்பூர், 2004

சென்னையில் வாழ்ந்த பெண்மணி ஒருவருக்கு 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறியாதவர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. பேசியவர்கள் தகாத முறையில் பேசினர். அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் இட்டு, அவர் ஒழுக்கமற்றவர் என்னும்படி ஆபாசமான செய்திகள் யாகூ நிறுவனத்தின் இணையக் குழு ஒன்றில் பதிவாகியிருந்தன. அவருடைய பெயரிலேயே பொய்யாக ஒரு மின்னஞ்சல் முகவரி திறக்கப்பட்டு, அதன் வழியாக அந்தச் செய்திகள் அவருக்கே அனுப்பப்பட்டன.

அனுப்பியவர் யாரோ ஒரு வழிப்போக்கர் அல்லர். குடும்பத்துக்கு நன்கு பழகிய நண்பர். அப்பெண்மணியை மணக்க விரும்பியவர். அவர் வேறொருவரை மணந்து, அந்த மணம் முறிந்தபின், இவர் மீண்டும் அணுகியிருக்கிறார். மறுப்புக் கிடைத்தது. அந்த மறுப்பை ஏற்க இயலாத மனம் கணிப்பொறியை ஆயுதமாக்கிக்கொண்டது.

இவ்விடத்தில் அப்பெண்மணி செய்ததே வரலாற்றைத் திருப்பியது. மணமுறிவு பெற்ற ஒரு பெண் காவல் நிலையப் படியேறி, தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஆபாச வரிகளை அதிகாரிகள் முன் வைப்பது இருபதாண்டுகளுக்கு முன் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் வந்தவற்றை மறைக்கவில்லை. 2004 பிப்ரவரியில் புகார் கொடுத்தார். சென்னைக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவினர் சில நாள்களுக்குள் மும்பையில் அந்நபரைக் கண்டுபிடித்துக் கைது செய்தனர். மார்ச் 24-ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 18 சாட்சிகளும் 34 ஆவணங்கள், பொருள்களும் அதில் காட்டப்பட்டன.

எதிர்த்தரப்பின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. முன்னாள் கணவரோ, ஏன், அப்பெண்மணியே கூடவோ அச்செய்திகளை இட்டிருக்கலாம் என்பது முதல் வாதம். பழி சுமந்தவர் மேலேயே பழியைத் திருப்பும் இந்த உத்தி மொட்டைக் கடிதக் காலத்திலிருந்தே பழையது. கணிப்பொறி ஆவணங்கள் 65-பி பிரிவின்படி செல்லாதவை என்பது இரண்டாம் வாதம். இணையச் சட்ட அறிஞர் நா. விஜயசங்கர் அந்தப் பக்கங்களைத் தாமே கணிப்பொறியில் பார்வையிட்டு, முறைப்படி அச்சுப்படி எடுத்து, 65-பி பிரிவின்படி சான்றளித்திருந்தார். அச்செய்திகள் அனுப்பப்பட்ட பிரௌசிங் சென்டர்களின் உரிமையாளர்களும் சாட்சி சொன்னார்கள். கையெழுத்தும் முத்திரையும் இல்லை என்று நம்பப்பட்ட மின்னஞ்சலுக்கு அவை இரண்டும் உண்டு என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. எந்தக் கணிப்பொறியிலிருந்து, எந்த நாளில், எந்த மணியில் அது புறப்பட்டது என்பதைக் கருவிகள் தம் போக்கில் எழுதி வைத்திருந்தன. நாற்காலியில் அமர்ந்தவரைக் கடைக்காரர் நினைவு வைத்திருந்தார்.

2004 நவம்பர் 5-ஆம் நாள் எழும்பூர் கூடுதல் முதன்மைப் பெருநகர நடுவர் தீர்ப்பளித்தார். ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு போலி ஆவணம் உண்டாக்கியதற்காக 469-ஆம் பிரிவின்படி ஈராண்டுக் கடுங்காவல், 500 ரூபாய் அபராதம். பெண்ணின் மானத்தை இழிவுசெய்ததற்காக 509-ஆம் பிரிவின்படி ஓராண்டுச் சிறை, 500 ரூபாய் அபராதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி ஈராண்டுக் கடுங்காவல், 4,000 ரூபாய் அபராதம். தண்டனைகள் ஒருசேர நடக்கும் என்பது ஆணை. ‘தமிழ்நாடு அரசு எதிர் சுகாஸ் கட்டி’ என்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படும் வழக்கு இதுவே. இந்தியாவில் 67-ஆம் பிரிவின்படி கிடைத்த முதல் தண்டனை என்று இது போற்றப்படுகிறது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நாட்டில், குற்றப்பத்திரிகையிலிருந்து எட்டு மாதங்களுக்குள் தீர்ப்பு வந்தது.

இவ்வழக்கில் பயன்பட்ட பிரிவுகளை உற்று நோக்க வேண்டும். அவற்றுள் 499, 500 ஆகிய அவதூறுப் பிரிவுகள் இல்லை. அவதூறு வழக்கில் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவரே நடுவர் முன் தனிமுறையீடு செய்ய வேண்டும். போலி ஆவணம், பெண்ணின் மானம், ஆபாசப் பதிவு ஆகிய வேறு வாயில்கள் வழியாகச் சென்றதால்தான் காவல்துறை மும்பை வரை போக முடிந்தது. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே உள்ளிருந்து பதில் வருகிறது.

தில்லி வழக்கின் முடிவு

2001-இல் தொடங்கிய தில்லி வழக்கின் எஞ்சிய பகுதியை இனிச் சொல்லலாம். இடைக்காலத் தடை என்பது முதற்கட்ட ஏற்பாடு மட்டுமே. வழக்கு கீழமை நீதிமன்றத்தில் நடந்து, 2014 பிப்ரவரியில் தள்ளுபடியாயிற்று. அம்மின்னஞ்சல்களை அனுப்பியவர் அந்த ஊழியர்தாம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மின்னணு ஆவணங்களுக்கு 65-பி பிரிவு கேட்கும் சான்றும் முறைப்படி அமையவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் நடந்த வழக்கு ஒரு சான்றிதழ் இல்லாமையால் வலுவிழந்தது.

எழும்பூரையும் தில்லியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு தனிப்பெண்ணின் வழக்கு நின்றது, ஒரு நிறுவனத்தின் வழக்கு வீழ்ந்தது. பணமோ செல்வாக்கோ இதைத் தீர்மானிக்கவில்லை. பதிவு காக்கப்பட்ட முறையே தீர்மானித்தது. அதே 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்சநீதிமன்றம் 65-பி சான்று கட்டாயம் என்று உறுதிசெய்தது. 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மீண்டும் நிலைநாட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, சான்றிதழை இரு பகுதிகளாகக் கேட்கிறது. ஒரு பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும், மறு பகுதியை வல்லுநரும் தர வேண்டும்.

சட்டம் எல்லை மீறியபோது

துன்பத்தைத் தடுக்க வந்த சட்டமே துன்பமான கதையும் உண்டு. 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்னும் பிரிவு புகுந்தது. ‘மிகவும் புண்படுத்தும்’ செய்தி, எரிச்சலோ இடையூறோ தரும் செய்தி ஆகியவற்றை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை. தொல்லை தரும் மின்னஞ்சலுக்கு இதுவே மருந்து என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் எரிச்சல் என்பதற்கு அளவுகோல் ஏது? 2012 அக்டோபரில் புதுச்சேரியில் தொழில் நடத்தும் ஒருவர், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைதானார். அடுத்த மாதம் மகாராட்டிரத்தில், தலைவர் ஒருவரின் மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றி எழுதியதற்காக இளம்பெண்கள் இருவர் கைதாயினர்.

2015 மார்ச் 24-ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம் 66-ஏ பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. மறு ஆண்டு மே மாதம், அவதூறைக் குற்றமாக வைத்திருக்கும் பழைய பிரிவுகள் செல்லும் என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தைத் தொழிலாகவோ தவமாகவோ கொண்டவர்கள் இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். பிடிக்காத கருத்து வேறு, ஒரு மனிதரைக் குறிவைத்து ஓயாமல் துரத்தும் பொய் வேறு. விமரிசனத்தை அவதூறு என்று சொல்லிக் காவல் நிலையம் போவது இலக்கிய உலகுக்கே கேடு. அவதூறை விமரிசனம் என்று சொல்லித் தாங்கிக்கொள்ளச் சொல்வதும் அதே அளவு கேடு.

இதற்கிடையே 2013-இல் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்னும் பிரிவு சேர்ந்தது. விருப்பமின்மையைத் தெளிவாகத் தெரிவித்த பின்னும் ஒரு பெண்ணைத் தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதும், அவருடைய மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றமாயின. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதையில் இது 78-ஆம் பிரிவு. அவதூறு 356-ஆம் பிரிவு. பெயர் மறைத்து மிரட்டுவது 351-ஆம் பிரிவுக்குள் அடங்கும். எண்கள் மாறினாலும் கருத்து மெக்காலே காலத்துக் கருத்தே.

நட்பு திரிந்தபோது

திருவள்ளுவர் நட்பைப் பேசுமிடத்து அதை ஒரே அதிகாரத்தோடு முடித்துவிடவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை என்று சொல்லிவந்து, அடுத்தே தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டு அதிகாரங்களை வைத்தார். பழக்கம் பகையாகும் இடம் அத்துணை நுட்பமானது. தொல்லை தருபவர் நம் வீட்டில் காபி குடித்தவராக, நம் நூல் வெளியீட்டில் வாழ்த்திப் பேசியவராக இருக்கும்போது காவல் நிலையம் போகக் கால் வராது. ‘அண்ணாச்சி நல்ல மனுஷர்தான், ஏதோ மனசு சரியில்லை’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள்.

மனம் சரியில்லை என்ற அச்சொல்லை எளிதாக எடுத்தாளக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. ஊரின் வழக்கத்துக்கு ஒத்துவராதவர் என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முத்திரை குத்த அது இடம் தரவில்லை. மனநோய் உள்ளவர்களுள் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். இழிவான கடிதம் எழுதுவோருள் பலர் தெளிந்த அறிவோடே எழுதுகிறார்கள்.

உண்மையிலேயே நோயுற்ற ஒருவர் எழுதுகிறார் என்றால் அவருக்கு வேண்டியது மருத்துவம். நம் மாவட்டத்துக்கு அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். நோயைப் பேய் என்றும் வெறி என்றும் நினைத்த அலட்சியத்தின் விலை அது. இன்று 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை கிடைக்கிறது. எழுதுபவரின் குடும்பத்தாரிடம் இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர் ஊரில் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தணியக்கூடும். ஆனால் அவரைக் குணப்படுத்தும் பொறுப்பு அவரால் துன்புறும் மனிதரின் தலையில் விழக் கூடாது. இரக்கம் ஒரு கடமை, தற்காப்பு மற்றொரு கடமை. இரண்டையும் ஒரே ஆள் சுமக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில நடைமுறைகள் தாமாகவே கிடைக்கின்றன.

முதலாவது, அழிக்காதிருத்தல். அடுப்பில் போன மொட்டைக் கடிதமும், நீக்கப்பட்ட மின்னஞ்சலும் எழுதியவருக்கே துணை. வந்த அஞ்சலை வந்த கணக்கிலேயே வைத்திருக்க வேண்டும். மற்றொருவருக்குத் திருப்பி அனுப்பிய படியில், அது வந்த வழியைக் காட்டும் தலைப்புக் குறிப்புகள் மாறிவிடும். அச்சுப்படி மட்டும் போதாது. ஒரு நோட்டில் நாள், நேரம், யார் யாருக்கு வந்தது என்பவற்றை எழுதி வருவது நல்லது.

இரண்டாவது, ஒரே ஒரு மறுப்பு. ‘இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று ஒருமுறை தெளிவாக எழுதிவிட வேண்டும். அது பின்னர்ச் சாட்சியாகும். அதன்பின் எத்தனை அஞ்சல் வந்தாலும் பதில் கூடாது. பதிலே அந்நபர் எதிர்பார்க்கும் பரிசு. சினத்தில் எழுதும் பதில், எதிர்வழக்குக்கு ஆவணமாகவும் ஆகிவிடும்.

மூன்றாவது, முந்திக்கொள்ளுதல். வீட்டாரிடமும் அலுவலகத் தலைவரிடமும் நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அவதூறு வந்து சேரும்போது அதன் நச்சு பாதி இறங்கியிருக்கும். இரகசியமாக இருக்கும் வரைதான் அதற்கு வலிமை.

நான்காவது, காலந்தாழ்த்தாமை. கணிப்பொறி நிறுவனங்கள் தம் பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும் என்பதே 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணை. அதற்குப்பின் சுவடு அழிந்துபோகக்கூடும். அவதூறுக்கு இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தருவது ஓராண்டு மட்டுமே. மாவட்டந்தோறும் இணையக் குற்றக் காவல் நிலையம் இன்று உள்ளது. 2019-இல் தொடங்கிய தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் வீட்டிலிருந்தபடியே புகார் பதியலாம். எழும்பூர்ப் பெண்மணிக்கு இவ்வளவு வாயில்கள் இருக்கவில்லை.

ஐந்தாவது, பிரிவை அறிதல். நமக்கு மட்டும் வந்த வசை சட்டத்தின் கண்ணில் அவதூறாகாது. பிறர் ஒருவருக்கேனும் அது போயிருக்க வேண்டும். ஆனால் நமக்கு மட்டும் வந்தது மிரட்டலாகவோ, பெண்ணாயின் பின்தொடர்தலாகவோ ஆகலாம். எனவே புகாரை எழுதுமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்வது வீண்செலவாகாது. உயிருக்கு அச்சுறுத்தல் என்றால் இவை எதற்கும் காத்திராமல் 112-ஐ அழைக்க வேண்டும்.

இவற்றோடு ஆறாவதாக ஒன்று உண்டு. அது பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியதன்று, மற்றவர்கள் செய்ய வேண்டியது. மொட்டைக் கடிதம் வெற்றி பெற்றது அதை எழுதியவரின் திறத்தால் மட்டுமன்று. ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று கேட்ட ஊரால்தான் அது வென்றது. சிற்றூரில் பெயர் என்பது ஒருவருடைய முதலீடு. கடன் கிடைப்பதும், பெண் கொடுப்பதும், வேலைக்கு வைப்பதும் பெயரை வைத்தே. அந்தப் பெயரைக் காப்பதோ கெடுப்பதோ, செய்தி தன் கைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது. அவதூறு அஞ்சல் ஒன்று நமக்கு வருமானால், அதை நாலு பேருக்கு அனுப்புபவரும் அவதூறு பரப்பியவரே என்று சட்டம் கருத இடமுண்டு. அதை அனுப்பாமல் காத்து வைத்து, உரியவரிடம், ‘இப்படி ஒன்று வந்தது, நான் நம்பவில்லை, சாட்சியாக வைத்திருக்கிறேன்’ என்று சொல்லும் ஒருவர் நூறு ஆறுதல் மொழிக்குச் சமம்.

பத்தாண்டுகளாக ஒருவர் எழுத்தை மற்றவர் படித்து, குறை சொல்லி, சண்டையிட்டு, மறுவாரம் மீண்டும் கூடிய வட்டம் நம்முடையது. பெயர் சொல்லி, முகம் பார்த்து, காரணம் காட்டிக் குறை சொல்லும் பழக்கம் இங்கே வளர்ந்திருக்கிறது. முகம் மறைத்த எழுத்துக்கு அதுவே நேர் எதிரான பழக்கம். நம்முள் ஒருவருக்கோ நம் தெருவில் ஒருவருக்கோ நாளை இத்தகைய துன்பம் நேர்ந்தால், ‘அழித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள்’ என்று சொல்லாமல், ‘அழிக்காதீர்கள், உடன் வருகிறோம்’ என்று சொல்ல நாம் பழக வேண்டும். எழும்பூரில் சாட்சிக் கூண்டேறிய பெயர் தெரியாத பிரௌசிங் சென்டர்க்காரர்கள் செய்ததும் அதுவே.